சிறாரும் வாழ்க்கை வரலாற்று நூல்களும்: நூலக ஒழுங்கு பற்றிய ஒரு நோக்கு

வாழ்க்கை வரலாற்று நூல்கள் நூலகத்தில் இருந்தும் சிறார் அவற்றை நாடுவதில்லை என்பர். இதற்கு அவர்களது வாசிப்பார்வக் குறைவே காரணம் என முடிவு கட்டுதல் எளிது. ஆயின், அந்நூல்கள் அடுக்கப்படும் முறையையும் எழுதப்படும் முறையையும் ஒருங்கே நோக்குமிடத்து, அம்முடிவு பொருந்தாமை புலனாகும்.

1876 இல் முதன்முதல் வெளியான தூயி தசமப் பகுப்பு முறை, தனியொருவர் வரலாற்றை வைப்பதற்கு இன்று இரு வழிகளை நூலகர்க்கு அளிக்கின்றது. அவர் ஈடுபட்ட துறையின் எண்ணோடு 092 என்னும் உபபிரிவைச் சேர்த்து, அத்துறை நூல்களுடன் வைப்பது ஒன்று. தனியாள் வரலாறுகள் அனைத்தையும் 92 என்னும் எண்ணின்கீழ்த் திரட்டி, வரலாற்றுக்குரியவரின் பெயரால் அகரவரிசைப்படுத்துவது மற்றொன்று. பின்னையது நூலகர்க்கு எளியதாயினும், பெயரை முன்னரே அறிந்தவனுக்கே வழிகாட்டும். சிறுவனோ பெரும்பாலும் பெயரொன்றைத் தேடி வருபவனல்லன். ஏதோவொரு பொருளில் எழுந்த வியப்போடு வருபவன். பாடப்புத்தகத்திற் கண்ட நாலைந்து பெயர்களுக்கு அப்பால் அவன் கை செல்லாமைக்கு இதுவே முதற் காரணம் எனலாம்.

தமிழ்ப் பெயர் வழக்கு இவ்விடர்ப்பாட்டை மேலும் பெருக்குகின்றது. உ. வே. சாமிநாதையரை 'உ' வரிசையிலா, 'சா' வரிசையிலா தேடுவது? விபுலாநந்த அடிகளின் இளமைப் பெயர் மயில்வாகனம். அப்பெயரை மட்டும் அறிந்த சிறுமிக்குப் பட்டியலில் ஒரு 'பார்க்க' அட்டை இல்லையேல், அடிகள் அகப்படார்.

அடிகளின் வரலாறு வேறொன்றையும் உணர்த்துகின்றது. 1892 இல் காரைதீவிற் பிறந்த அவர் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர், துறவி, 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1947 இல் வெளிவந்த 'யாழ்நூல்' ஆசிரியர். அவரது வரலாற்றை இசை நூல்களோடு வைப்பின், பண்டைய இசைக்கருவிகளைப் பற்றி அறிய வந்த சிறுமி அவரைச் சந்திப்பாள். விஞ்ஞானத்தை நாடியவன் சந்தியான். ஒரு நூலுக்கு இறாக்கையில் ஓரிடமே உண்டு. ஆதலின், பொருள்வாரியான மேலதிகப் பதிவுகள் பட்டியலில் இடம்பெறல் இன்றியமையாதது. நூலுக்கு வாசகரையும் வாசகர்க்கு நூலையும் சேர்ப்பிப்பதே நூலகத்தின் கடன் என்பது 1931 இல் எஸ். ஆர். இரங்கநாதன் வகுத்த விதிகளின் சாரம். பலர் வரலாறுகளைக் கொண்ட தொகுப்பு நூல்களுக்கு இது இன்னும் பொருந்தும். அவற்றுள் அடங்கிய ஒவ்வொருவர்க்கும் தனிப்பதிவு வேண்டும்.

எனினும், குறை முழுவதும் நூலகரைச் சார்ந்ததன்று. தமிழிற் சிறார்க்கென எழுதப்பட்ட வரலாறுகள் பல, குலம், பிறப்பு, பட்டம், புகழ், மறைவு என்னும் அடைவிலேயே நடக்கின்றன. அடியார் சரிதங்களைப் போற்றி உரைத்த மரபின் தாக்கம் இதிற் காணப்படுகின்றது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தார் என்னும் செய்தி சிறுவனுக்கு ஓர் ஆண்டுக் குறிப்பே. சிதைந்த ஏடுகளைத் தேடிப் பெற்றதும், ஒன்றோடொன்று ஒப்பிட்டதும், ஐயுற்றதும் கூறப்படுமிடத்தே அம்மனிதர் உயிர்பெறுகின்றார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942 இல் ஆசிரியர் மறைவால் முற்றுப்பெறாது நின்ற 'என் சரித்திரம்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அதன் முற்பகுதியிற் பேரறிஞரை அன்று, பாடங் கேட்க ஏங்கும் இளைஞரையே காண்கின்றோம். சிறார்க்கான சுருக்கங்கள் பேணவேண்டியது அவ்வேக்கத்தையே; அவை பேணுவதோ பட்டங்களை.

எனவே, பெயர் மாற்றங்களுக்கு 'பார்க்க' அட்டைகள், துறைவாரியான பதிவுகள், இவர் எதைத் தேடினார் என்பதை ஒரே வாக்கியத்திற் கூறும் குறிப்பு ஆகிய மூன்றும் சிறார் பிரிவுகளில் உடனடியாகச் செய்யத்தக்கவை. இவற்றுக்கு வேண்டுவது பெரும்பொருளன்று. நூலகர் அந்நூல்களைத் தாமே படித்திருத்தலாகும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகம் நாம். அரிதின் மீளச் சேர்த்த நூல்கள் இறாக்கையிலிருந்தும் சிறார் கண்ணிற் படாது போகுமாயின், அதுவும் ஓர் இழப்பே.