மூடிகளால் ஓர் ஆமை

பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லித்தர இதைவிட அருமையான வழியை நான் பார்த்ததே இல்லை! சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் பொறுக்கிய குப்பையைக் கொண்டு, எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஒரு பங்குனி ஆமையையே செய்து நிறுத்திவிட்டார்கள். ஓடு முழுக்க பாட்டில் மூடிகள், துடுப்புகளுக்கு அறுந்த ரப்பர் செருப்பு, கண்களுக்குக் கறுப்புப் பேனா மூடி. வருகிறவர் போகிறவர் எல்லாம் நின்று போட்டோ எடுக்கிறார்கள். எனக்கோ அதைச் செய்த பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் பூரிப்பு தாங்கவில்லை.

இதற்கான ஆசையைக் கிளப்பியவர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஏஞ்சலா ஹேசல்டைன் போட்சி. கலை ஆசிரியையாக இருந்தவர். 2010-இல் பேண்டன் என்ற கடலோரச் சிற்றூரில் ‘வாஷ்டு அஷோர்’ திட்டத்தைத் தொடங்கினார். கரையொதுங்கிய பிளாஸ்டிக்கை ஊர்க்காரர்களோடு சேர்ந்து கழுவி, நிறவாரியாகப் பிரித்து, பிரம்மாண்டமான மீன்களாகவும் பறவைகளாகவும் மாற்றியவர். அந்தச் சிற்பங்களின் படங்களைப் பார்த்த நொடியிலிருந்து எனக்குக் கை பரபரத்துக்கொண்டே இருந்தது.

குப்பை பொறுக்க, வெயில் ஏறுவதற்கு முன்பே கடற்கரைக்குப் போய்விட வேண்டும். கைக்கு உறை, காலுக்குச் செருப்பு கட்டாயம். கண்ணாடிச் சில்லு, ஊசி, மருந்துக் கழிவு கண்ணில் பட்டால் பிள்ளைகள் தொடாமல் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். சிப்பியும் சங்கும் பாசியும் கடலின் சொத்து, எடுக்கக் கூடாது. இந்த விதியைக் காவல் காத்தவர்கள் பிள்ளைகளேதான். அழகான சங்கு ஒன்றைப் பைக்குள் போடப்போன தம்பியை அக்கா ஒருத்தி அதட்டினாள்: “அது நண்டுக்கு வீடுடா, வை கீழ!”

பொறுக்கியதைச் சோப்புத் தண்ணீரில் அலசி, மொட்டைமாடியில் காயவைத்து, நிறம் பிரிக்க உட்கார்ந்தோம். உண்மையான பாடம் ஆரம்பித்தது அங்கேதான். வெள்ளையும் நீலமுமாக மூடிகள் குவிந்தன. “ஆன்ட்டி, மூடி இவ்ளோ இருக்கே, பாட்டில் எங்கே?” என்றாள் ஒரு சின்னப் பெண். எப்பேர்ப்பட்ட கேள்வி! ஒரு வாளியில் தண்ணீர் பிடித்தோம். மூடியைப் போட்டால் மிதந்தது. பாட்டிலிலிருந்து வெட்டிய துண்டைப் போட்டால் நேராக அடிக்குப் போனது. மூடிக்கான பிளாஸ்டிக் தண்ணீரைவிட லேசு, பாட்டிலுக்கான பெட் பிளாஸ்டிக் கனம். பாட்டில்களில் கொஞ்சம் பழைய சாமான் கடைக்குப் போய்விடும். மூடி கழன்று தண்ணீர் புகுந்தவை மூழ்கிவிடும். “அப்போ கடலுக்கு அடியிலயும் குப்பையா?” என்று வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். கரையில் தெரிவது கொஞ்சம்தான் என்பதை ஒரு வாளித் தண்ணீர் அவளுக்குக் காட்டிவிட்டது.

இன்னொரு பையன் கையில் நைலான் நரம்பாலான தங்கூசி வலைத் துண்டு ஒன்று சிக்கியது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான், பல்லால் கடித்தான், நரம்பு அசையவில்லை. கடைசியில் கத்தரிக்கோல் கேட்டு வந்தவன், “நமக்கே கத்தரி வேணும், விரலே இல்லாத ஆமை என்ன பண்ணும்?” என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனை வகுப்பு எடுத்தாலும் இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையின் வாயில் வரவழைக்க முடியுமா?

ஆமையை உருவாக்கியபோது பெயின்டும் இல்லை, பசையும் இல்லை. பெரியவர்கள் மூடிகளில் துளை போட்டுக் கொடுக்க, பிள்ளைகள் கட்டுக்கம்பியால் கம்பிவலையில் தைத்தார்கள். தைக்கத் தைக்கப் பேச்சும் வளர்ந்தது. தெருவில் போட்ட பாக்கெட் மழைநீர் வடிகாலில் விழுந்து, அடையாற்றில் சேர்ந்து, கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போகும் பாதையை ஒரு பிள்ளை தரையில் சாக்பீஸால் வரைந்தே காட்டியது. ஜனவரி முதல் மார்ச் வரை இதே கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதையும், ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இடுவதையும் சொன்னேன். 1988 முதல் சென்னையில் மாணவர்கள் இரவெல்லாம் கரையோரம் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருவதைச் சொன்னதும், “நாங்களும் நடக்கலாமா?” என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

இப்போது எங்கள் பிள்ளைகள் கடைக்குப் போனால் மஞ்சப்பை கூடவே போகிறது. ஜூஸ் கடையில், “அண்ணா, ஸ்ட்ரா வேணாம்” என்று முந்திக்கொண்டு சொல்கிறார்கள். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை என்று கடைக்காரருக்கு விளக்கமும் உண்டு! திட்டியோ பயமுறுத்தியோ வரவழைத்த பழக்கம் இல்லை இது. தங்கள் கையால் ஓர் ஆமையைச் செய்த பாசத்தில் வந்தது.

பெற்றோரே, ஆசிரியர்களே, ஒரு கோணிப்பை, கையுறைகள், கொஞ்சம் கம்பி போதும். கடல் பக்கத்தில் இல்லாவிட்டால் ஏரிக்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ போங்கள். அடுத்த விடுமுறை நாளிலேயே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்!