மைலைத் தாண்டிப் பார்க்க வேண்டிய கிப்யேகான்

2025 ஜூன் 26-ல், பாரிஸ் ஷார்லெட்டி மைதானத்தில் கென்யாவின் ஃபெய்த் கிப்யேகான் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடிவிட முயன்றார். காற்றைத் தடுக்க முன்னும் பின்னும் ஓட்டக்காரர்கள், தனியாக வடிவமைத்த உடை, புதிய ஸ்பைக்ஸ். இருந்தும் 4 நிமிடம் 6 விநாடிக்கு மேல் ஆகிவிட்டது. தோல்வி என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் அவரது உலக சாதனையே 4:07.64தான். 4 நிமிடத்தைத் தொட ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 2 விநாடி குறைய வேண்டும். அது மலைக்க வைக்கும் இலக்கு. ஒன்பதே நாளில் யூஜீனில் அவர் 1500 மீட்டரை 3:48.68-ல் ஓடித் தன் உலக சாதனையைத் தானே முறியடித்தார். அந்த மைல் அவரிடமிருந்து எதையும் பறித்துவிடவில்லை.

1500 மீட்டரில் பொதுவாக இரண்டு வகை வீராங்கனைகள் உண்டு. வேகம் பிடித்துக் கொடுக்க ஆள் இருந்தால் சாதனை நேரம் காட்டுபவர்கள் ஒரு வகை. மெதுவாகப் போகும் இறுதிப் போட்டியில் கடைசிச் சுற்றில் பாய்ந்து பதக்கம் பறிப்பவர்கள் மற்றொரு வகை. 2016 ரியோவில் கிப்யேகான் இரண்டாம் வகை. அன்று 4:08.92-ல் தங்கம் வென்றார். அப்போதைய உலக சாதனைக்காரர் கென்சபே டிபாபாவுக்கு வெள்ளி.

திருப்பம் என்று நான் கருதுவது ஒரு தோல்வியை. 2018-ல் மகளைப் பெற்றெடுத்துவிட்டு, மறு ஆண்டு தோஹா உலகப் போட்டிக்கு வந்தார். நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் 3:51.95-ல் ஓடித் தங்கத்தை எடுத்துக்கொண்டார். கிப்யேகான் கென்ய சாதனையான 3:54.22-ல் ஓடியும் வெள்ளிதான். கடைசிப் பாய்ச்சலை மட்டும் நம்பி இனி ஜெயிக்க முடியாது என்பது அங்கே தெரிந்துபோனது. பந்தயம் முழுவதும் வேகத்தைத் தாங்கி, அதற்குப் பிறகும் பாய வேண்டும்.

அந்தத் திறமை கப்டகாட் முகாமில், எலியூட் கிப்சோகேயை உருவாக்கிய பேட்ரிக் சாங்கின் பயிற்சியில் முதிர்ந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே ஹசனைப் பின்னுக்குத் தள்ளி 3:53.11-ல் வென்றபோது, 1988 முதல் நிலைத்திருந்த ஒலிம்பிக் சாதனையும் சரிந்தது. 2023 இன்னும் பெரியது. ஃப்ளாரன்ஸில் 1500, பாரிஸில் 5000, மொனாக்கோவில் மைல் என ஏழு வாரத்தில் மூன்று உலக சாதனைகள்! மைலில் மட்டும் பழைய சாதனையிலிருந்து நாலரை விநாடிக்கு மேல் குறைத்தார். பெண்கள் தடகளத்தில் இவ்வளவு பெரிய வெட்டு அரிது.

5000 மீட்டர் சாதனை அந்த ஆண்டே கைமாறியது. பாரிஸ் ஒலிம்பிக்கிலும் 2025 உலகப் போட்டியிலும் அந்த ஓட்டத்தில் அவருக்கு வெள்ளிதான். அவரது சொந்த மண் 1500. தோஹாவுக்குப் பிறகு ஒலிம்பிக், உலகப் போட்டி இரண்டிலும் 1500 மீட்டர் இறுதி எதிலும் அவர் தோற்கவில்லை. 2025 செப்டம்பரில் டோக்கியோவில் ஆரம்பத்திலிருந்தே முன்னால் நின்று ஓடி நான்காவது உலகப் பட்டத்தை வென்றார். ஆண்கள் 1500-ல் ஹிஷாம் எல் கெரூஜ் வைத்திருப்பதும் நான்குதான். ஆனால் இந்த ஓட்டத்தில் கெரூஜுக்கு ஒலிம்பிக் தங்கம் ஒன்று, கிப்யேகானுக்கு மூன்று.