வீட்டுத்திரையில் பழங் கார்ட்டூன்கள்: ஒரு பாட ஆராய்ச்சி

பழம்படைப்பு ஒன்றினைச் சுவைக்கப் புகுமுன், நம் கையில் இருப்பது அப்படைப்புத்தானா என்று வினவுதல் திறனாய்வாளர் கடன். ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஓர் எழுத்துத் திரியின் பொருள் திரிதலையும், ஓரடி வீழின் செய்யுளே தடுமாறுதலையும் அவர்கள் நாளும் காண்பர். ஆயின், வீட்டில் அமர்ந்தவாறே நாமும் நம் மக்களும் கண்டு மகிழும் பழங் கார்ட்டூன் படங்களுக்கும் இவ்வினா பொருந்தும் என்று நினைப்பார் அரியர். சிறுவர்க்குரிய விளையாட்டுப் படங்களுக்குப் பாடவேறுபாடு ஏது என்பாரே பலர். அது பிழை என்பதை டாம்–ஜெரி படங்களைச் சிறப்பாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்னும் இருவரும் அமெரிக்க நாட்டின் எம்.ஜி.எம். நிறுவனத்தில் 1940 முதல் 1958 வரை வெளிவந்த 114 டாம்–ஜெரி குறும்படங்களை ஆக்கினர். அவற்றுள் ஏழு, அகாடமிப் பரிசு பெற்றவை. இவை வீட்டிற்கென ஆக்கப்பட்டவை அல்ல. சிறுவர்க்கென்றே ஆக்கப்பட்டவையும் அல்ல. அரங்கில் பெரும்படம் தொடங்குமுன், முதியோரும் இளையோரும் கூடியிருக்கும் அவையில், ஏழெட்டு நிமிடம் காட்டப்பெற்றவை. பூனையும் எலியும் பேசுதல் மிக அருகியே வரும். ஸ்காட் பிராட்லியின் இசை முன்செல்ல, உடலே மொழியாகிறது. பூனையின் மீசை நடுங்குவதும், கண் பிதுங்குவதும், தான் வைத்த பொறியில் தானே விழுமுன் ஒருகணம் அது நம்மை நோக்கித் தயங்குவதும் ஆகிய இவற்றிற்கு உரை வேண்டா. நம் இலக்கணத்தார் மெய்ப்பாடு என்று கூறியதன் ஆற்றலை இதனினும் தெளிவாகக் காட்டும் கலை பிறிதொன்று உண்டோ என ஐயுறுகிறேன். 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவிற்கு வந்தபின், நம் வீட்டுக் குழந்தைகள் மொழிபெயர்ப்பின் துணையின்றி இவற்றில் தோய்ந்தமைக்கும் அதுவே காரணம்.

முதற்படத்திலேயே பதிப்புச் சிக்கலும் தொடங்கிவிடுகிறது. 1940இல் வெளிவந்த 'புஸ் கெட்ஸ் தி பூட்' என்னும் அப்படத்தில் பூனையின் பெயர் டாம் அன்று, ஜாஸ்பர் என்பதாகும். தலைப்பில் ருடால்ஃப் ஐசிங் என்பார் பெயர் மட்டுமே காணப்படும். ஹன்னா, பார்பெரா பெயர்கள் இல. ஆசிரியர் பெயர் மாறி வழங்கும் நூல்கள் நமக்குப் புதியன அல்ல ஆதலின், இதனை நீட்டாமல் மேற்செல்வோம்.

இனி, தலையாய செய்தி. அம்முதற்படம் தொட்டு 1952 வரை, ஏறத்தாழ இருபது படங்களில், வீட்டை ஆளும் கறுப்பினப் பெண்ணொருத்தி வருகிறாள். அவள் முகம் பெரும்பாலும் காட்டப்பெறுவதில்லை. காலும், காலணியும், துடைப்பம் ஏந்திய கையுமே தோன்றும். குரல் கொடுத்தவர் லில்லியன் ரேண்டால்ஃப் என்னும் நடிகையார். அவர் பெயரும் படத்தில் பொறிக்கப்படவில்லை. கதையமைப்பில் இவளுக்குரிய இடம் பெரிது. முதற்படத்தில், இன்னும் ஒரு பொருள் உடையுமானால் வீட்டைவிட்டு வெளியேற்றுவேன் என்று பூனையை எச்சரிக்கிறாள். அவ்வெச்சரிக்கையை எலி கேட்டுவிடுகிறது. அதன்பின் கண்ணாடிக் குவளை ஒன்றைத் தூக்கிப் பிடித்தாலே போதும். வலிய பூனை, எளிய எலியின் முன் நடுங்கி நிற்கிறது. அவள் இல்லையேல் அவ்வீட்டில் சட்டம் இல்லை. சட்டம் இல்லையேல் எலிக்குப் படைக்கலமும் இல்லை.

அவள் பேச்சும் தோற்றமும் கறுப்பினப் பணிப்பெண்ணைப் பற்றி வெள்ளையர் நாடகமேடை வழிவழி வளர்த்த இழிவான வார்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை மறைத்தல் ஆகாது. கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தார் அந்நாளிலேயே எதிர்ப்புத் தெரிவித்தனர். நகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் எள்ளலையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். பிறரைத் தான் எள்ளி நகுதலும், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதலும் என அதனை இருவகைப்படுத்துவார் பேராசிரியர். டாமைக் கண்டு நாம் நகுவது பெரும்பான்மையும் அவனுடைய பேதைமையும் மடமையும் பற்றியது. அதனால் யாருக்கும் ஊறில்லை. இப்பெண்ணின் தோற்றத்தால் எழும் நகையோ முதல்வகை எள்ளல். எள்ளப்பட்டோர் உடன் நகுதற்கு இடந்தராத எள்ளல். இரண்டனையும் ஒன்றெனக் கொண்டு 'பழைய நகைச்சுவை' என்று பொதுப்படப் பாராட்டுவார் கூற்றை யான் ஏலேன்.

அங்ஙனமாயின், அவளை நீக்கியது தக்கதே அன்றோ எனின், நீக்கிய முறையை முதலில் நோக்குதல் வேண்டும். 1965இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி இப்படங்களைச் சனிக்கிழமைக் காலையில் சிறுவர்க்கென ஒளிபரப்பத் தொடங்கிற்று. அதன்பொருட்டு, சக் ஜோன்ஸ் என்பாரைச் சார்ந்த குழுவினர் பழம்படங்களைத் திருத்தினர். சிலவற்றில் அப்பெண்ணின் குரல் மாற்றப்பட்டது. சிலவற்றில் அவள் உருவமே அகற்றப்பட்டு, மெலிந்த வெள்ளைப் பெண் வரையப்பட்டாள். புதிய குரல் ஜூன் ஃபோரே என்பாருடையது. இத்திருத்தம் பார்வையாளர்க்கு அறிவிக்கப்படவில்லை.

1950இல் வெளிவந்த 'சாட்டர்டே ஈவினிங் புஸ்' என்னும் படத்தில் இருபாடங்களையும் ஒப்பிட்டுக் காண்க. மூலத்தில், அப்பெண் சனிக்கிழமை இரவு அணிகள் பூண்டு, தன் தோழியரோடு சீட்டாடப் புறப்படுகிறாள். அவள் தலை மறைந்ததும் டாம் தெருப்பூனைகளை அழைத்து ஜாஸ் இசை முழக்குகிறான். உறக்கங் கெட்ட ஜெரி, பொறுக்கலாற்றாமல் தொலைபேசியில் அவளை அழைக்கிறது. அவள் தெருவெல்லாம் அதிர ஓடிவந்து பூனைகளைத் துரத்துகிறாள். பின்னர், களைப்பாற அவளே அவ்விசையைக் கேட்டு அமர, ஜெரிக்கு மீண்டும் உறக்கம் இல்லாமற் போகிறது. திருத்திய பாடத்திலோ அவள் இடத்தில் இளம் வெள்ளைப் பெண்ணொருத்தி; சீட்டாட்டம் போய், நடனம் வந்தது. சட்டத்தின் உருவாக நின்றவள் போய், பூனையோடு ஒத்த விளையாட்டுப் பருவத்தாள் ஒருத்தி வந்துவிட்டாள். அவளுக்கு அஞ்சி ஒளிய டாமுக்கு என்ன காரணம்? பெருத்த உடல் ஓடிவருவதற்கென அமைத்த இசை, மெலிந்த உடலின்மேல் பொருந்தாது தொங்குகிறது.

சுவைக்கேடு ஒருபுறம் இருக்க, அறக்கேடும் உண்டு. இழிவினைத் துடைப்பதாகக் கூறிய திருத்தம், அவ்வீட்டில் இருந்த ஒரே கறுப்பினப் பெண்ணைத் துடைத்துவிட்டது. பெயர் பொறிக்கப்படாத நடிகையின் குரலையும் அழித்துவிட்டது. இழிவு செய்தவர் செயல் மறைந்தது. செய்யப்பட்டவர் இருப்பும் உடன் மறைந்தது. இதனைத் திருத்தம் என்பதினும் தடயம் அழித்தல் எனலே தகும். 1990ஐ ஒட்டி, தீயா விடேல் என்னும் நடிகையாரைக் கொண்டு அக்குரல் வேறொரு முறையாகவும் மாற்றப்பட்டது. இம்முறை பெண் நின்றாள். இழிந்த வழக்குச் சொற்கள் மட்டும் நீங்கின. முன்னதினும் இது நன்று. ஆயினும், இதுவும் மூலம் அன்று.

படத்தின் வடிவமும் வீட்டுத்திரைக்கு வருங்கால் சிதைந்தது. 1954 முதல் டாம்–ஜெரி படங்கள் சில, சினிமாஸ்கோப் என்னும் அகன்ற திரைக்கென வரையப்பட்டன. அத்திரையின் அகலம், உயரத்தினும் இரண்டரை மடங்கை ஒட்டியது. அந்நாளைய தொலைக்காட்சிப் பெட்டியிலோ உயரம் மூன்றெனின் அகலம் நான்கு. பெட்டியை நிரப்பவேண்டிப் படத்தின் ஏறத்தாழப் பாதியை வெட்டினர். துரத்தலே கதையாகவுள்ள படத்தில் பாதியை வெட்டினால் எஞ்சுவது என்ன? துரத்துவோன் தெரிந்தால் ஓடுவோன் தெரியான். ஓடுவோன் தெரிந்தால் அவன் எதற்கு அஞ்சி ஓடுகிறான் என்பது விளங்காது.

தொலைக்காட்சிக்கென்றே பிறந்த தொடர்களுக்கும் இவ்விடர் உண்டு. எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை 1957இல் மூடியபின், ஹன்னாவும் பார்பெராவும் தமக்கென நிறுவனம் அமைத்துச் சின்னத்திரைக்கு வந்தனர். செலவைச் சுருக்குதற்காக உடலை அசையாது நிறுத்தித் தலையை மட்டும் அசைத்தனர். யோகி கரடியின் கழுத்துப்பட்டை, தலையும் உடலும் சேரும் இடத்தை மறைக்க வந்த உத்தியே. மெய்ப்பாட்டின் இடத்தைப் பேச்சுப் பிடித்தது. 1960 முதல் 1966 வரை ஏ.பி.சி. ஒளிபரப்பிய 'ஃபிளின்ஸ்டோன்ஸ்' தொடரைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கதை விளங்கும். நகுவாரின் ஒலியையும் உடன் சேர்த்துவிட்டமையால், எங்கு நகவேண்டும் என்பதையும் பெட்டியே கூறிவிடும்! அத்தொடரை விளக்கும் புகழ்பெற்ற பாடல் மூன்றாம் பருவத்தில்தான் வந்தது. மறு ஒளிபரப்பில் முதலிரு பருவங்களின் தொடக்கத்தையும் மாற்றி அப்பாடலையே ஒட்டினர். தொடர் பிறந்தபோதே பாடலும் பிறந்தது என்று ஒரு தலைமுறையே நம்பிற்று. முதற்பருவங்களில் ஃபிளின்ஸ்டோன் வின்ஸ்டன் சிகரெட்டுக்கு விளம்பரம் செய்ததும் அவ்வாறே பலர் நினைவிலிருந்து மறைந்தது. புகைத்தலைப் பற்றிய இவ்வெட்டு அங்கு நிற்கவில்லை. 2006இல் பிரிட்டனில் எழுந்த முறையீட்டின்பின், 'டெக்ஸாஸ் டாம்', 'டென்னிஸ் சம்ப்ஸ்' ஆகியவற்றின் புகைக்கும் காட்சிகளைத் திருத்த ஒளிபரப்பாளர் இசைந்தனர். சிறுவர் காணும் வேளையில் அவ்வாறு செய்தலைக் குறைகூறேன். அச்செய்தி வெளிப்பட அறியப்பட்டது என்பதையே வேறுபாடாகக் கொள்கிறேன்.

வீடே பாடத்தைச் சிதைத்தது என்றேன். பாடத்தை மீட்டற்கு வழி திறந்ததும் வீடே. ஒளிபரப்பின்போது ஒருமுறை ஓடி மறைந்த படத்தை, நாடாவும் வட்டும் வந்தபின் வீட்டில் நிறுத்தலாம், பின்னோக்கலாம், மற்றொரு படியோடு ஒப்பிடலாம் என்றாயிற்று. சுவைஞர் தாமே பதிப்பாசிரியர் ஆயினர். 2005இல் வெளிவந்த வட்டுத்தொகுதி ஒன்றில், நடிகை ஊப்பி கோல்ட்பெர்க் முன்னுரை நிகழ்த்தி, படங்களில் உள்ள இனவிழிவைச் சுட்டி, அவற்றை ஏன் மறைக்கலாகாது என்பதை விளக்கினார். உரையோடு மூலத்தை வழங்கும் நம் மரபிற்கு இது மிக அணித்து. 2013இல் வெளிவரவிருந்த மற்றொரு தொகுதியிலோ 'மவுஸ் கிளீனிங்', 'காஸநோவா கேட்' என்னும் இருபடங்களும் விடப்பட்டன. முழுமையென நம்பிக் காத்திருந்த சுவைஞர் எதிர்த்தனர். தொகுதி வெளிவராது நின்றது. அவ்விரு படங்களின் இறுதிக் காட்சிகளோ கட்டுக்கோப்போ எனக்கு உவப்பானவை அல்ல. கரி படிந்த முகத்தைக் கறுப்பர் முகமாகக் காட்டி நகைத்தல் முதற்படத்தின் குறை. எனினும், எதிர்த்தவர் பக்கமே நியாயம் என்பேன். உ. வே. சாமிநாதையர் 1937இல் குறுந்தொகையைப் பதிப்பித்தபோது, தாம் கொள்ளாத பாடங்களையும் குறித்து வைத்தார். விடுத்ததைக் குறியாது விடும் பதிப்பை நாம் பதிப்பென்று ஒப்புவதில்லை. கார்ட்டூனுக்கு மட்டும் வேறு நீதி எதற்கு?

'சாட்டர்டே ஈவினிங் புஸ்' மூலப்பாடத்தில், தொலைபேசிச் செய்தி கேட்டு அப்பெண் நம்மை நோக்கி ஓடிவரும் இடம் ஒன்று உண்டு. காலும் கையுமாகவே காட்டப்பட்டு வந்தவளின் முகம் அவ்வோட்டத்தில் இமைப்பொழுது தோன்றி மறைகிறது. 1950இல் அரங்கில் இருந்தவருள் அதனைக் கண்டவர் எத்தனை பேர் இருப்பர்? வீட்டில் வட்டினை நிறுத்தினால் அம்முகம் நிற்கும். 1965இன் படியில் எவ்விடத்து நிறுத்தினும் அது இல்லை.