குடோன் போன இடம்

தீபாவளி நெருங்கினால் சிவகாசிக்காக ஒரு வாதம் கிளம்பிவிடுகிறது. ஆலையிலிருந்து பட்டாசு நேராக வாடிக்கையாளருக்குப் போனால் இடைத்தரகர் ஒழிவார், விலை இறங்கும், ஊருக்கு ஊர் குடோன் வைக்க வேண்டியிருக்காது. ஆகவே 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ஆன்லைன் விற்பனைக்குப் போட்ட தடையை நீக்க வேண்டுமாம். முதல் இரண்டையும் ஒப்புக்கொள்ளலாம். சீசனுக்கு முன் ஏஜெண்டு தரும் முன்பணத்தை நம்பி, அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டி வந்த சிறு உற்பத்தியாளருக்கு, ஒரு போனும் விலைப்பட்டியலும் கொஞ்சம் மூச்சுவிட இடம் தந்திருக்கின்றன. பேக்கிங் வேலைக்கு நாலு பேர் கூடுதலாகப் போகிறார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. குடோன் தேவைப்படாது என்று சொல்கிறார்களே, அங்கேதான் சண்டை.

தடைக்குப் பிறகும் வியாபாரம் நின்றுவிடவில்லை. தீர்ப்பில் பெயர் வந்த அமேசானும் பிளிப்கார்ட்டும் ஒதுங்கிக்கொண்டன. சிவகாசித் தளங்கள் 'வாங்கு' பொத்தானை எடுத்துவிட்டு 'எஸ்டிமேட்', 'என்கொயரி' என்று மாட்டின. பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு: நீதிமன்ற உத்தரவை மதிக்கிறோம், பட்டியலைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், 24 மணி நேரத்துக்குள் நாங்களே அழைக்கிறோம். தளத்துக்குத் தளம் ஏறக்குறைய இதே வாசகம். மேலே 80 சதவீதத் தள்ளுபடி மின்னும். அழைப்பு வரும், பணம் போகும், பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு லாரி ரசீதின் படம் வரும். பெட்டி வீட்டு வாசலுக்கு வருவதில்லை. பெரும்பாலும் லாரி செட்டுக்குப் போய் நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த லாரி செட்தான் புதிய குடோன்.

பட்டாசுத் தொழிலில் காலியிடமும் ஒரு செலவுதான். மழை பொய்க்கும் கரிசல் காட்டில் நிலம் மலிவாகக் கிடைத்ததும் இத்தொழில் அங்கே வேர்விட ஒரு காரணம். ஆலைக்குள் போனால் புரியும்: சின்னச் சின்ன அறைகள், அறைக்கு எதிரெதிராக வாசல், உள்ளே நாலு பேருக்கு மேல் கூடாது, அறைக்கும் அறைக்கும் நடுவே வெறும் மண்ணும் வேம்பும். அந்த மண்ணில் எதுவும் விளையாது, எதுவும் அடுக்கக் கூடாது. ஓர் அறை போனால் அடுத்த அறை பிழைக்கட்டும் என்பதற்காகவே அது சும்மா கிடக்கிறது. 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் தற்காலிகக் கடைக்குக்கூட இதே கணக்கைச் சொல்கின்றன: கடைக்கும் கடைக்கும் குறைந்தது 3 மீட்டர், குடியிருப்பு போன்ற பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டர், கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக் கூடாது. தீபாவளிக்கு மைதானங்களில் தகரக் கொட்டகை வரிசை எழும்புவது இதனால்தான்.

இப்போது நகரத்து லாரி செட்டைப் பாருங்கள். மேலே லாட்ஜ், பக்கத்தில் டீக்கடை, எதிரே டயர் கடை. வாசலில் பீடி. உள்ளே மோட்டார் பம்பு, துணி மூட்டை, எண்ணெய் டின், அவற்றோடு 'கிஃப்ட் பாக்ஸ்' என்று எழுதிய அட்டைப்பெட்டிகள். வெடிபொருள் வைக்க லைசென்ஸ் வாங்கிய இடமல்ல அது. ஆலை வாசல்வரை மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான 'பெசோ'வின் அதிகாரி அளந்த மீட்டர் கணக்கெல்லாம் பில் போட்ட கையோடு முடிந்துபோகிறது. 80 சதவீதத் தள்ளுபடியில் பெரும்பகுதி ஏற்றி வைத்த விலையின் வித்தை என்பது எல்லோருக்கும் தெரியும். மிச்சமிருக்கும் உண்மையான லாபத்தில் ஒரு பங்கு, காலியிடத்துக்குக் கொடுக்காமல் விட்ட வாடகை.

ஒரு பெட்டி ஓர் இரவுதானே கிடக்கிறது என்பார்கள். பெட்டி ஓர் இரவுதான், செட்டோ சீசன் முழுக்க நிறைந்தே இருக்கிறது. ஏற்றி இறக்கும் நேரமே இத்தொழிலின் கெட்ட நேரம் என்று சிவகாசிக்காரருக்குச் சொல்லித் தரவும் வேண்டியதில்லை. 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசி ஊருக்குள்ளேயே, பட்டாசுக் குடோனில் வண்டிக்குச் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. மாண்ட 8 பேரில் பெரும்பாலோர் பட்டாசைத் தொட்டவர்கள்கூட அல்ல. பக்கத்து ஸ்கேன் சென்டரில் புகையில் மூச்சுத் திணறியவர்கள். 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 9 பேர் போனார்கள். குடோனில் பிடித்ததா, பக்கத்து ஓட்டலின் சிலிண்டர் வெடித்ததா என்று வாதம் நடந்தது. எது முதலில் வெடித்தால் என்ன, இரண்டும் ஒட்டி நின்றதுதானே வழக்கு? அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று பெங்களூரு வாசலில், அத்திப்பள்ளி நெடுஞ்சாலையோரக் கடையில் சரக்கு இறக்கும்போது பிடித்த தீ, முதல் கணக்கிலேயே 14 பேரைக் கொண்டுபோனது. சீசன் கூலிக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள் பலர் அதில் இருந்தார்கள்.

இவை ஆன்லைன் வியாபாரம் செய்த கொலைகள் என்று நான் சொல்லவில்லை. மூன்றும் பழைய பாணிக் குடோன்களே. ஆனால் பெயர்ப்பலகையும் லைசென்ஸ் எண்ணும் உள்ள, அதிகாரி கதவைத் தட்டக்கூடிய இடங்களிலேயே கதை இப்படி என்றால், ரசீதில் 'பார்சல்' என்று மட்டும் எழுதிய சரக்கு நூறு செட்டுகளில் சிதறிக் கிடப்பதை யார் போய்த் தட்டுவது?

மற்ற ஆன்லைன் சரக்குக்கும் கிடங்கு வேண்டும்தான். அதற்காக ஒரகடத்திலும் செங்குன்றத்திலும் ஏக்கர் கணக்கில் நிலம் போனது. இப்போது பத்து நிமிட டெலிவரிக்காகக் கிடங்கு திரும்பவும் தெருவுக்குள் வருகிறது. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் அது வாடகைப் பிரச்சினை, போக்குவரத்துப் பிரச்சினை. பட்டாசுக்கு அப்படியில்லை.

சரக்குக்குப் பாதுகாப்பான இடம் ஒதுக்குவது சிவகாசி வட்டாரத்துக்குத் தெரியாத பாடமும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை வியாபாரிகள் வண்டியையும் மாட்டையும் சரக்கையும் காக்கப் பேட்டைகள் கட்டினார்கள். அந்தச் செலவுக்குச் சரக்கின் மேல் மகமை என்ற பொதுப் பங்கு வைத்தார்கள். சரக்கு எங்கே தங்குகிறது, காவல் யார், காசு யாருடையது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். தடையை நீக்கச் சொல்பவர்களின் கோரிக்கையில் விலை இருக்கிறது, வேலைவாய்ப்பு இருக்கிறது, வரி வருவாய்கூட இருக்கிறது. நகரத்துக்கு வெளியே 50 மீட்டர் விட்டு ஒரு பொதுப் பட்டாசுக் கிடங்கு, அதற்குப் பெட்டிக்கு இவ்வளவு மகமை என்று ஒரு வரி இல்லை. அப்படி எழுதினால் விலை ஏறும், உள்ளூர்க் கடைக்காரர் சொல்லும் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். எழுதாததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.