முடிவற்ற கோடை யாருக்கு?

புரூஸ் பிரவுனின் 'தி எண்ட்லெஸ் சம்மர்' (1966) விவரணப்படத்தில் இரு கலிபோர்னிய இளைஞர்கள் அலைப்பலகைகளோடு கோடையைத் துரத்தி உலகைச் சுற்றுகிறார்கள். படம் அழகானது, அதை மறுப்பதற்கில்லை. கானாவின் மீனவக் கிராமத்தில் சனங்கள் கூடிநின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஆனால் வள்ளத்தில் அலையேறிக் கரைசேர்வது அச்சனங்களின் அன்றாடத் தொழில். கமராவுக்கோ விடுமுறைக்காரரின் விளையாட்டே பெரிதாகிறது.

படத்தின் உச்சம் தென்னாபிரிக்காவின் கேப் சென்ட் பிரான்சிஸ் அலை. அக்காலத்தில் அந்நாட்டின் சட்டங்கள் கடற்கரைகளையும் நிறத்தால் பிரித்திருந்தன. படமோ இனப்பிரிவினையை ஒரு பகிடியோடு கடந்துபோகிறது.

கோடையைத் துரத்திச் செல்லக் கடவுச்சீட்டு வேண்டும் என்பதை, எல்லைகளில் காத்துக்கிடந்த நாம் அறிவோம். இப்படத்தை நாம் ரசிக்கலாம். ஆனால் அந்த அலைகளில் இறங்க அனுமதிக்கப்படாதவர்களையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.