சென்னையில் ஓ.எஸ்., யாழ்ப்பாணத்தில் விண்டோஸ்

சென்னை ரிச்சி தெருவில், ஒரு மாடிக் கடையில் 2011 முதல் 2014 வரை தொழில் பழகினேன். அங்கே தினமும் காதில் விழுந்த பேச்சு: "அண்ணா, ஓ.எஸ். போயிடுச்சு. புதுசா போட்டுடலாமா?" யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி நானே கடை வைத்த பிறகு கேட்பது: "அண்ணை, இதுக்கு விண்டோஸ் அடிக்கோணும். பின்னேரம் வந்து எடுங்கோ." பேச்சுத்தான் வேறு. இரண்டு ஊரிலும் செய்வது ஒன்றே: சி டிரைவைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது, அதாவது ஃபார்மட். பாடநூல்களிலும் ஓ.எஸ்.ஸுக்குப் பெயர் வேறு. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புப் பிள்ளை 'இயக்க அமைப்பு' என்று படிக்கிறது. இலங்கைப் பிள்ளை 'பணிசெயல் முறைமை' என்று படிக்கிறது.

எதற்கெடுத்தாலும் ஃபார்மட் என்ற பழக்கத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை. ஃபார்மட் போட ஒரு மணி நேரம் ஆகும். அதில் பத்து நிமிடம்தான் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். கோளாறைத் தேடினால் அரை நாள் போய்விடலாம், அதற்கு யாரும் கூலி தருவதில்லை. "சும்மா பார்த்ததுக்கா காசு?" என்று இரு கரையிலும் கேட்பார்கள்.

ஆனாலும் கோளாறைத் தேடும் பழக்கத்தை நான் கற்றது சென்னையில் அல்ல, யாழ்ப்பாணத்தில். ரிச்சி தெருவில் ரேம் மீது சந்தேகம் வந்தால், பக்கத்துக் கடையில் வேறொன்றை வாங்கி மாட்டிப் பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. யாழ்ப்பாணத்தில் பல உதிரிப்பாகங்கள் கொழும்பிலிருந்து, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கமிருந்து, இரவு பஸ்ஸில் வர வேண்டும். அது வரும்வரை இயந்திரம் மேசையில் திறந்தபடி கிடக்கும், நாமும் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்ப்போம். ஈவென்ட் வியூவரைத் திறந்து எந்த நேரத்தில் எது விழுந்தது என்று வாசிப்போம். வன்தட்டு தன் உடல்நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்ப்போம். 'விண்டோஸ் பழுது' என்று வந்த கணினிகளில் பாதிக்கு மேல் வன்தட்டு செத்துக்கொண்டிருப்பதாகவே என் அனுபவம் சொல்கிறது. அந்தத் தட்டின் மேல் புதிய விண்டோஸை ஏற்றினால் ஒரு மாதம் ஓடும். பிறகு படங்களையும் சேர்த்துக்கொண்டு போய்விடும்.

2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடி இந்தப் பொறுமையைக் கட்டாயமாக்கியது. மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. புது மடிக்கணினி பற்றி யாரும் பேசவே இல்லை. பத்து வருடப் பழைய இயந்திரங்கள் கடைக்கு வந்தன, எஸ்.எஸ்.டி. ஒன்றை மாற்றி மறுபடி ஓடவைத்தோம். அதே மார்ச்சின் கடைசி நாட்களில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் வரை போனது. அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை 2012 மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்த கணினிகளிலேயே பார்த்திருந்தேன். அந்தக் காலம் அங்கே பல வீடுகளில் இன்வெர்ட்டரை நிரந்தரமாக்கியது. எங்கள் பக்கம் யு.பி.எஸ். வைத்திருந்தவர்களிலும் பலருக்கு அதன் பேட்டரி செத்து நாளாகியிருந்தது.

உரிமம் என்று வந்தால் இரு நாடுகளுமே பெருமைப்பட முடியாது. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ.வின் 2017ஆம் ஆண்டுக் கணக்குப்படி உரிமமில்லா மென்பொருள் இந்தியாவில் 56 சதவீதம், இலங்கையில் 77 சதவீதம். கடைக்காரரின் பென்டிரைவில் இருக்கும் விண்டோஸில் பெரும்பாலும் அப்டேட்டை நிறுத்தி, டிஃபெண்டரை முடக்கி வைத்திருப்பார்கள். கிராக் வேலை செய்ய வேண்டுமே! பூட்டையும் கழற்றிய வீட்டைத்தான் சுத்தமான வீடு என்று வாடிக்கையாளரிடம் கொடுக்கிறோம். சென்னையில் ஓரளவு பெரிய அலுவலகங்கள் ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டு, உரிமத்தோடு வைத்திருந்தன. தமிழ்நாட்டு அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய, காசில்லாத, நேர்மையான ஒரு வழி அது. பிள்ளைகள் எங்கள் ரிச்சி தெருக் கடைக்கு வந்து முதலில் நீக்கச் சொன்னது அதைத்தான். நானும் நீக்கிக் கொடுத்தேன். இன்று அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஃபார்மட்டில் தமிழருக்கென்றே ஓர் இழப்பு உண்டு, எழுத்துரு. சென்னை டி.டி.பி. மையங்களில் வானவில், ஸ்ரீலிபி, எங்களுக்குப் பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் இவை குடியிருப்பது சி டிரைவில். யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தின் கணினிக்கு நான் விண்டோஸ் அடித்துக் கொடுத்த மறுநாள், ஒரு வீட்டாரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அச்சேற வேண்டியிருந்தது. கோப்பு டி டிரைவில் பத்திரமாக இருந்தது. திறந்தால், இறந்தவரின் பெயர் முதல் வம்சாவளி வரை ஒரே ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியை மறுபடி போட்டதும் தமிழ் திரும்பியது. தலைப்புகளுக்குப் பயன்படுத்தியிருந்த இன்னொரு எழுத்துரு எங்கும் கிடைக்கவில்லை. இரவு முழுக்க அந்தத் தலைப்புகளை அச்சகத்துத் தம்பியும் நானும் திரும்ப அடித்தோம். இந்தச் சிக்கல் இல்லாத யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றுவிட்டது. ஆனால் அச்சகங்களின் பழைய கோப்புகள் அரசாணையால் மாறிவிடுவதில்லை.

இப்போது அதைவிடப் பெரிய ஆபத்து வந்திருக்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கப்படுகிறது. அதன் மீட்புத் திறவுகோல் 48 இலக்கம், அது அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. கடைப் பையன் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலையோ, அப்போதே உருவாக்கிய ஏதோ ஒரு முகவரியையோ போட்டிருந்தால்? நாளை மதர்போர்டு மாறும்போது அந்த 48 இலக்கத்தைக் கணினி கேட்கும். வீட்டில் யாருக்கும் தெரியாது.

திறவுகோல் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் பார்த்ததுண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான கோப்பால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதினார்கள். ஃபார்மட் தேவைப்படவில்லை. சேஃப் மோடில் போய் அந்த ஒரு கோப்பை அழித்தால் போதும். குறியாக்கம் இருந்த கணினிகளில் அதற்கு முன் திறவுகோல் வேண்டியிருந்தது, பலர் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

அதனால் என் கடையில் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. கணினி வந்ததும் வன்தட்டின் நிலை, எழுத்துருக்களின் பட்டியல், கணக்கு யாருடைய மின்னஞ்சலில் என்பதை எழுதிவிட்டுத்தான் கை வைப்பேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து, 11 ஏறாத பழைய இயந்திரங்கள் வாரத்துக்கு ஒன்றிரண்டாவது வருகின்றன. சென்ற வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன்னுடையதைக் கொண்டுவந்தார். லினக்ஸ் போட்டு, பாமினியையும் சேர்த்துக் கொடுத்தேன். "தம்பி, என்ரை பழைய கேள்வித்தாளெல்லாம் இருக்கோ?" என்று கேட்டார். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன்.