காடும் கதாசிரியனும்

கதை எழுதத் தொடங்கிய புதிதில் அமேசான் காட்டை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். அந்தக் காட்டை நான் பார்த்ததில்லை. இன்று வரையிலும் பார்த்ததில்லை. ஆனால் இருபத்திரண்டு வயசில் அதெல்லாம் ஒரு தடையாகத் தோன்றுமா? ஒரு விமானம் காட்டுக்குள் விழுந்து நொறுங்குகிறது. இளம் விஞ்ஞானி ஒருவன் மட்டும் தப்பிக்கிறான். எங்கிருந்தோ முரசொலி கேட்கிறது. முகத்தில் சிவப்புச் சாயம் பூசிய மனிதர்கள் அவனைக் கட்டி இழுத்துப் போகிறார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழிக்கிறான். அவ்வளவுதான், கூட்டத்தின் தலைவன் தடாலென்று அவன் காலில் விழுகிறான். தலைவனுக்கு ஓர் அழகான மகள் இருந்தாள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கதை பத்திரிகையில் வந்தது. சன்மானமும் வந்தது. நேரில் போய்ப் பார்த்தது போலவே இருக்கிறது என்று ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பல நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

சமீபத்தில் பழைய காகிதங்களைக் கிளறியபோது அந்தக் கதை அகப்பட்டது. எடுத்துப் படித்தேன். நடை மோசம் என்பதற்காக நான் வெட்கப்படவில்லை. அந்த வயசில் எழுதுகிறவன் நடை அப்படித்தான் இருக்கும். நெருப்புக் குச்சிதான் என்னைச் சுட்டது. காட்டில் ஒதுங்கி வாழும் மனிதன் நம்மை அறியாதவன், அறிந்துவிட்டால் பிரமித்துப் போய் நிற்பான் என்று நான் நம்பியிருக்கிறேன். வாசகரையும் நம்ப வைத்திருக்கிறேன். உண்மை நேர் மாறானது. அவன் நம்மை அறிந்தவன். அறிந்ததனால்தான் ஒதுங்கிப் போனான்.

இந்தப் பொய்யை நான் எங்கே கடன் வாங்கினேன் என்பது எனக்குத் தெரியும். கானன் டாயிலின் 'தொலைந்த உலகம்' 1912-ல் வெளிவந்தது. தென் அமெரிக்கக் காட்டின் நடுவே செங்குத்தான ஒரு பீடபூமி. மேலே ராட்சத மிருகங்கள், மனிதக் குரங்குகள், அந்தக் குரங்குகளோடு போராடிக்கொண்டிருக்கும் ஒரு செவ்விந்தியக் கூட்டம். நான்கு வெள்ளைக்காரர்கள் ஏறிப் போகிறார்கள். துப்பாக்கியால் அந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கிறார்கள். வெற்றியோடு லண்டன் திரும்புகிறார்கள். கதையை ஓட்டிச் செல்லும் வேகத்தில் டாயிலை மிஞ்சுவது இன்றைக்கும் எளிதல்ல. பள்ளிக்கூட நாளில் சோறு தண்ணீர் இல்லாமல் படித்தேன்.

அதே 1912-ல் லண்டனில் இன்னொன்றும் அச்சாயிற்று. அது கதையல்ல, பிரிட்டிஷ் அரசாங்கம் வெளியிட்ட அறிக்கை. எழுதியவர் ரோஜர் கேஸ்மெண்ட் என்ற ஐரிஷ்காரர். புத்துமாயோ நதிப் பக்கத்தில், லண்டனில் பதிவு செய்யப்பட்ட ஒரு ரப்பர் கம்பெனி காட்டு ஜனங்களை எப்படி நடத்தியது என்பதை 1910-ல் நேரில் போய் விசாரித்து எழுதினார். எடை குறைவாக ரப்பர் கொண்டு வந்தவனுக்குச் சவுக்கடி. தப்பி ஓடியவனைத் துரத்திப் பிடித்து விலங்கு. பட்டினி, கொலை. இதெல்லாம் டாயிலுக்குத் தெரியாத விஷயமல்ல. கேஸ்மெண்ட் அவருக்கு நண்பர். நாவலில் வரும் லார்ட் ஜான் ராக்ஸ்டன் என்ற பாத்திரத்துக்கு ஓரளவு அவரே மூலம் என்பார்கள். அந்த ராக்ஸ்டன் அடிமை பிடிப்பவர்களோடு போரிட்டவன் என்று நாவலிலேயே வருகிறது. ஆனால் அது அவன் மார்பில் குத்திய ஒரு பதக்கமாகவே நின்று விடுகிறது. சவுக்கடி பட்டவன் எங்கே போனான், அவன் பிள்ளைகள் எங்கே ஒளிந்தார்கள் என்று நாவல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பீடபூமியின் மேல் இருக்கும் மனிதர்களைக் காலம் மறந்து விட்டுப் போன பிராணிகளாகக் காட்ட முடிந்திருக்குமா?

இந்த இடத்தில் நம்முடைய கதையும் குறுக்கே வருகிறது. 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசான் ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். அந்த விதையில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறின. மலாயாத் தோட்டங்களில் இருட்டோடு எழுந்து பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் ஜனங்கள். அந்தத் தோட்ட ரப்பர் சந்தையில் மலிந்ததும் அமேசான் ரப்பர் விலை சரிந்தது. முதலாளிகள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். ஒரு காட்டில் சவுக்கு ஓய்வதற்கு வேறொரு காட்டில் நம்மவர் முதுகு வளைய வேண்டியிருந்தது. இரண்டு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் அறியவே இல்லை.

ரப்பர்காரர்களிடமிருந்து தப்பியவர்கள் பெரிய நதிகளை விட்டு, படகு ஏற முடியாத ஓடைகளின் தலைப்புக்குப் போனார்கள். பெரு தேசத்தில் மாஷ்கோ பிரோ என்று வெளியார் அழைக்கும் கூட்டம் அப்படிப்பட்டது. 1894-ல் மேல் மானு நதியில் கார்லோஸ் ஃபிட்ஸ்கரால்ட் என்ற ரப்பர் பிரபுவின் ஆட்கள் அவர்களில் ஏராளமான பேரைக் கொன்றார்கள். மிஞ்சியவர்கள் காட்டுக்குள் மறைந்தார்கள். இந்த ஃபிட்ஸ்கரால்டை வைத்துத்தான் வெர்னர் ஹெர்சாக் 1982-ல் 'ஃபிட்ஸ்கரால்டோ' என்ற புகழ் பெற்ற படத்தை எடுத்தார். படத்தில் அவன் சங்கீதப் பித்துப் பிடித்தவன். காட்டு நகரத்தில் ஓப்பரா அரங்கம் கட்ட வேண்டுமென்ற கனவுக்காக ஒரு கப்பலை மலை மேல் ஏற்றுகிறான். கப்பலை இழுக்கும் காட்டு ஜனங்களுக்கும் சொந்தமாக ஒரு நோக்கம் உண்டு என்று காட்டிய அளவில் ஹெர்சாக் டாயிலை விட ஒரு படி மேல். ஆயினும் படம் முடியும்போது நம் மனசில் நிற்பது யார்? கனவு கண்டவன்தான். அவன் பெயரைச் சுமந்த மனிதனுக்கு அஞ்சி ஓடியவர்களின் சந்ததி இன்னமும் அந்தக் காட்டில் இருக்கிறது. 2024-ல் லாஸ் பியெத்ராஸ் நதிக் கரையில் ஐம்பதுக்கு மேற்பட்ட மாஷ்கோ பிரோக்கள் வந்து நின்ற படங்கள் வெளியாயின. அவர்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே மரம் வெட்டும் கம்பெனிகளுக்கு உரிமை கொடுக்கப்பட்டிருந்தது.

அவர்கள் கற்காலத்தில் உறைந்து போனவர்கள் என்று சொல்வதற்கு ஒரு வாழை மரமே பதில். பிரேசிலின் ஆக்ரே மாநிலத்துக் காட்டை விமானத்திலிருந்து எடுத்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 2008-ல் வந்தவற்றில் சிவப்புச் சாயம் பூசிய மனிதர்கள் விமானத்தைக் குறி வைத்து வில்லை வளைக்கிறார்கள். பின்னால் வந்தவற்றில் குடிசைகளைச் சுற்றித் தோட்டம் தெரிகிறது. மரவள்ளி, பப்பாளி, வாழை. ஒருவர் கையில் இரும்புக் கத்திகூட இருக்கிறது. வாழை அமேசானில் பிறந்ததல்ல. நம் ஆசியப் பக்கத்து மரம். ஐரோப்பியர் அந்தக் கண்டத்தில் கால் வைத்த பிறகு கடல் தாண்டிப் போனது. யாரோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி மாறி, அந்தக் கன்று அந்தக் குடிசை வரை போயிருக்கிறது. வேண்டியதை வாங்கிக்கொண்டார்கள், வேண்டாததை மறுத்து விட்டார்கள். நாம் செய்வதும் வேறென்ன?

மறுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சரியாகப் புரிந்துகொண்ட நாவலாசிரியராக நான் பீட்டர் மாத்தியசனைச் சொல்வேன். 1965-ல் வெளிவந்த அவருடைய 'கர்த்தரின் வயல்களில் விளையாட்டு' என்ற நாவலில், லூயிஸ் மூன் என்ற அமெரிக்கன் ஒரு காட்டுக் கிராமத்தின் மேல் குண்டு போட அமர்த்தப்படுகிறான். பாதி செவ்விந்திய ரத்தம் ஓடும் அவன் அதைச் செய்யாமல் அந்த ஜனங்களிடமே போய்ச் சேர்ந்துகொள்கிறான். அவர்களைக் காக்கவும் நினைக்கிறான். ஒரு நாள் பாதிரியார் ஒருவரின் மனைவியைத் தற்செயலாகச் சந்திக்கிறான். ஒரே ஒரு முத்தம். அவளுக்கு இன்ஃபுளுயன்ஸா இருந்தது. அவன் வழியாக அது கிராமத்துக்குப் போகிறது. குண்டு செய்ய வேண்டிய வேலையை முத்தம் செய்து முடிக்கிறது.

இது கதாசிரியரின் சாமர்த்தியம் என்று எண்ணி விடக் கூடாது. நமக்கு இரண்டு நாள் மிளகு ரசத்தோடு போய் விடும் ஜலதோஷத்தை எதிர்க்கும் சக்தி அந்த உடம்புகளில் இல்லை. பெருவில் நாவா என்ற கூட்டத்துக்கு 1984-ல் வெளியாரோடு தொடர்பு ஏற்பட்டது. சில வருஷங்களுக்குள் பாதிக்கு மேற்பட்டவர்கள் சுவாச நோய்களால் மடிந்தார்கள். பிரேசில் அரசாங்கம் 1910 முதல் காட்டு மரங்களில் கத்தியும் பாத்திரமும் கண்ணாடியும் தொங்க விட்டு அவர்களை வசப்படுத்தி வந்தது. நல்ல எண்ணம் கொண்டவர்களே அதைச் செய்தார்கள். அந்தப் பரிசுகளின் பின்னால் மரணம் போவதைத் தங்கள் கண்ணாலேயே பார்த்த பிறகு, சிட்னி போசுவெலோ போன்ற அதிகாரிகள் 1987-ல் கொள்கையைத் தலைகீழாக மாற்றினார்கள்: தேடிப் போகாதே, எல்லையைக் காவல் செய், அவர்களாக வந்தாலொழிய நெருங்காதே. ஒரு இலாகா தன் வாழ்நாள் வேலையே தவறு என்று ஒப்புக்கொண்டது எவ்வளவு பெரிய காரியம்! அந்தக் காவல் சுலபமான உத்தியோகம் அல்ல. 2022 ஜூன் மாதம் ஜவாரிப் பள்ளத்தாக்கில் புரூனோ பெரெய்ரா என்ற காட்டு ஜன நிபுணரும், டாம் ஃபிலிப்ஸ் என்ற பத்திரிகையாளரும் கொலை செய்யப்பட்டார்கள்.

மரியோ வர்கஸ் லோசா 1987-ல் எழுதிய 'கதை சொல்பவன்' இந்த வரிசையில் மிக நுட்பமான நாவல். ஃபிளாரன்ஸ் நகரத்தில் ஒரு புகைப்படக் கண்காட்சி. அதில் பெரு நாட்டு மச்சிகெங்கா ஜனங்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவன் சொல்லும் கதையைக் கேட்கிறார்கள். கதை சொல்பவன் தன் கல்லூரித் தோழன், முகத்தில் பெரிய மச்சம் உள்ள சவுல் சூரத்தாஸ்தானோ என்று ஆசிரியருக்குச் சந்தேகம். ஓர் அத்தியாயம் அவர் குரலில், அடுத்தது காட்டுக் கதைசொல்லியின் குரலில். படிக்கும்போது மயங்கிப் போனேன். கீழே வைத்த பிறகு ஒரு கேள்வி உறுத்திற்று: மச்சிகெங்காக்களின் கதையை அவர்களுக்கே சொல்ல லிமாவிலிருந்து ஒருவன் போக வேண்டுமா? டாயிலின் நால்வர், ஹெர்சாகின் கனவுக்காரன், மாத்தியசனின் விமானி, லோசாவின் சவுல், என்னுடைய விஞ்ஞானி, எல்லோரும் வெளியூர்க்காரர்கள். காட்டுக்காரன் எந்தக் கதையிலும் கதாநாயகன் இல்லை.

பதிலுக்கு ஒரு குரல் வந்திருக்கிறது. யானோமாமி இனத்தின் மந்திரவாதி டேவி கோபெனாவா தம் பாஷையில் சொல்லச் சொல்ல, புரூஸ் ஆல்பர்ட் என்ற மானிடவியல் அறிஞர் எழுதிய 'வீழும் வானம்' 2010-ல் பிரெஞ்சில் வெளிவந்தது. பாதிரிமார் வழியாக வந்த கொள்ளை நோயில் தம் உறவினர்களை இழந்தவர் கோபெனாவா. அவருடைய கண்ணில் நாம்தான் விசித்திரப் பிராணிகள். பொருள்களின் மேல் மோகம் கொண்டு, நினைவில் வைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் காகிதத்தில் கிறுக்கி வைப்பவர்கள். எழுதிப் பிழைக்கிறவன் இதைப் படித்து விட்டுச் சற்று நேரம் பேனாவை மூடி வைக்கத்தான் வேண்டும்.

ஆனால் கோபெனாவாவைப் போல் பேச முன்வராதவனை என்ன செய்வது? பிரேசிலில் ரோண்டோனியா மாநிலத்தில் தனாரு என்ற காட்டுத் துண்டு. சுமார் எண்ணாயிரம் ஹெக்டேர். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். அதில் ஒரே ஒரு மனிதன் வாழ்ந்தான். அவனுடைய ஜனங்களைப் பண்ணைக்காரர்களும் நிலம் பிடிப்பவர்களும் கொன்று தீர்த்து விட்டார்கள். 1996-ல் அவன் இருப்பது தெரிய வந்தது. அதிகாரிகள் முதலில் பேசிப் பார்க்க முயன்றார்கள். குடிசைச் சுவரின் இடுக்கு வழியாக ஓர் அம்பு நீண்டது. 2005-ல் நெருங்கிப் போன ஒருவரை அம்பால் அடித்தே விட்டான். பதில் புரிந்தது. அதற்குப் பிறகு தூரத்தில் கோடரியும் விதையும் வைத்து விட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அவன் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிட்டான், வேட்டையாடினான், குடிசையை மாற்றி மாற்றிக் கட்டினான். ஐம்பதுக்கு மேற்பட்ட குடிசைகளைக் கணக்கெடுத்தார்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஆழமான ஒரு குழி. 2022 ஆகஸ்டில் அவன் தன் ஊஞ்சற் படுக்கையில் இறந்து கிடந்தான். உடம்பின் மேல் பஞ்சவர்ணக் கிளியின் இறகுகள் இருந்தன.

அவன் பெயர் என்ன? அவன் கூட்டம் தன்னை என்னவென்று சொல்லிக்கொண்டது? அந்தப் பாஷையில் அம்மாவுக்கு என்ன சொல்? ஒன்றும் பதிவாகவில்லை. குழி எதற்கு என்பதையும் அவன் யாருக்கும் சொல்லவில்லை.

இந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தொழில் புத்தி சும்மா இருக்கிறதா? குழிக்கு ஒரு காரணம் கற்பித்தது. அது செத்துப் போனவர்களோடு பேசும் இடம். இல்லை, ஒளிந்துகொள்ளும் இடம். இல்லை, ஒரு குழந்தையின் நினைவு. மூன்றுமே நல்ல கதை. எழுந்து விளக்கைப் போட்டு முதல் வாக்கியத்தைக்கூட எழுதி விட்டேன். அப்புறம் பழைய நெருப்புக் குச்சி ஞாபகம் வந்தது. இருபத்தாறு வருஷம் வாசலில் அம்போடு நின்று ஒருவன் உள்ளே வராதே என்று சொல்லியிருக்கிறான். அவன் கண்ணை மூடியதும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைகிறவன் யார்? பண்ணைக்காரனுக்கு நிலம் வேண்டும்; எனக்குக் கதை வேண்டும்.

எழுதிய வாக்கியத்தை அடித்து விட்டேன். நாவலாசிரியன் எந்த மனசுக்குள்ளும் நுழையலாம் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். அவர்களை நான் மறுக்கவில்லை. ஆனாலும் சில குழிகளை அவற்றைத் தோண்டியவனுக்கே விட்டு விடுவதும் நம் தொழிலின் மரியாதைகளில் ஒன்று என்று இப்போது எனக்குப் படுகிறது. அந்தப் பழைய சிறுகதையை இந்தத் தொகுதியில் சேர்க்காததற்கும் அதுதான் காரணம்.